சமையலுக்கு வந்தவள்

ராஜரத்தினம் அந்தப் பழைய ரொட்டி வேனை ஓட்டிவந்து வீட்டு முன்னால் நிறுத்திய அன்று, மலாக்காவின் காஜா பேராங்கில் சிரிக்காதவர்கள் பாக்கியில்லை. ரொட்டிக் கடைக்காரரே வேண்டாம் என்று ஒதுக்கிய வண்டி. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும். ஆனால் ராஜரத்தினம் கை சும்மா இருக்காத மனிதன். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உளியும் சுத்தியலுமாக வண்டிக்குள் புகுந்துகொள்வான். ரொட்டித் தட்டுகள் இருந்த இடத்தில் மடக்குப் பலகை வந்தது. இறக்கிவிட்டால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். மண்ணெண்ணெய் அடுப்பு ஆடாமல் நிற்க ஒரு தகரப் பெட்டி, தண்ணீருக்கு ஒரு தொட்டி, சாமான் செட்டு மாட்ட வரிசையாக ஆணிகள். அவன் தங்கை சந்திரமதி பாத்தேக் சேலைத் துணியைக் கிழித்துச் சன்னல் திரை தைத்தாள். எல்லாம் முடிந்தபோது சிரித்தவர்களே ஒவ்வொருவராக ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

"முதல்ல நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றான் ராஜரத்தினம், தங்கையையும் அவள் புருஷன் கருணாகரனையும் பார்த்து. "மலையும் பாருங்க, கடலும் பாருங்க. வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. அது போதும்."

அறுபத்தோராம் வருஷத்துச் சித்திரை. காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்கப் போட்ட அவசரகாலம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதுவரை மலைச் சடக்கில் வண்டி ஓட்டிப் போவதென்றால் சோதனைச் சாவடி, அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்கிற போலீஸ், இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்கிற பயம். இப்போது எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தலாம், எங்கே வேண்டுமானாலும் உலை வைக்கலாம். நாடே வீட்டைவிட்டு வெளியே வந்து சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

கருணாகரன் மலாக்காவில் நில அளவை அலுவலகத்தில் கிராணி, எழுத்து வேலை. சிரம்பான் பக்கத்துக் ரப்பர் பால் வெட்டுகிற கித்தாத் தோட்டம் ஒன்றில் லயத்துப் பிள்ளையாகப் பிறந்தவன். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன அப்பா திரும்பவில்லை; அம்மா காய்ச்சலில் போனாள். மாற்றலாகி மலாக்காவுக்கு வந்தபோது காஜா பேராங்கில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்தான். அடுத்த வீடு ராஜரத்தினத்துடையது. மலாக்காச் செட்டிக் குடும்பம். சாமி நம் சாமி, பேர் நம் பேர், கல்யாணம் கருமாதி எல்லாம் நம் முறை. வாயைத் திறந்தால் மட்டும் மலாய். தனியாளாக இருந்தவனுக்கு அந்த வீட்டிலிருந்து முதலில் குழம்பு வந்தது, பிறகு சாப்பாடே வந்தது, பிறகு சாப்பிட அங்கேயே போக ஆரம்பித்தான். சந்திரமதியை ராஜரத்தினம் மனசாரக் கட்டிக் கொடுத்து நான்கு வருஷம் ஆயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது மலாயில்தான். தமிழ் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

கேமரன் மலை ஏற்றம் ரொட்டி வேனுக்குப் புதிது. அடிவாரத்துத் தாப்பாவைத் தாண்டி வளைவு வளைவாக ஏறிக்கொண்டே இருந்தது. சந்திரமதி முன் இருக்கையில் காலை மடித்து உட்கார்ந்து, மூங்கில் புதரையும் அருவியையும் ஒவ்வொன்றாகக் காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தாள். தேயிலைக் காடு தொடங்கிய இடத்தில் வேன் புகைந்து நின்றுவிட்டது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"நல்லதாப் போச்சு. ஆறுற வரைக்கும் சமைச்சிடுறேன்" என்றாள் சந்திரமதி. சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கபாயாச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டு, சடக்கோரத்திலேயே அடுப்பை இறக்கி வைத்தாள். அரிசி கொதித்தது. பெலாச்சான் என்கிற இறால் விழுது வறுபடும் வாசனை தேயிலைச் சரிவெல்லாம் பரவியது. அந்தக் குளிரில் அந்த வாசனை கருணாகரனுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அவனே பிறகு நினைத்துப் பார்க்கக் கூசினான்.

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்து நின்றது.

"யாரு காடிப்பா இது, சடக்கை அடைச்சுக்கிட்டு?"

குரல் கேட்டதுமே கருணாகரனின் முதுகு தானாக நிமிர்ந்தது. ஜீப்பிலிருந்து இறங்கியவர் கலியாணசுந்தரம். சிரம்பான் தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தவர். பெற்றவர்கள் இல்லாத லயத்துப் பையனைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டு, சிரம்பானில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அவன் உத்தியோகத்துக்குப் போகிறவரை பார்த்தவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்காகத் துரையிடமே மல்லுக்கு நின்றவர். தன் மனைவி விஜயாவின் தங்கை மகளை அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கருணாகரன் இப்போது வேண்டாம், இப்போது வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் மலாக்காவில் தாலி கட்டியதை அவருக்குச் சொல்லாமலே இருந்துவிட்டான். போகவும் இல்லை, எழுதவும் இல்லை. அவர் இந்த மலைக்கு மாறி வந்ததே அவனுக்குத் தெரியாது.

"அட, கருணாகரனாடா நீ!" அவர் இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "எங்கடா போயித் தொலைஞ்ச? செத்தியா இருக்கியான்னு ஒரு சேதி உண்டா? விஜயா உன்னை நினைக்காத நாள் இல்லைடா."

"மலாக்காவுலதான் ஐயா இருக்கேன். சர்வே ஆபீசு."

"கல்யாணம் காட்சி?"

அவன் பதில் சொல்வதற்குள் அவர் பார்வை அவன் தோளைத் தாண்டிப் போனது. அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கரண்டியும் கையுமாகச் சந்திரமதி எழுந்து நின்றாள். யாரோ தெரிந்தவர் என்று கண்டுகொண்டு, சிரிக்கத் தயாராக நின்றாள். பெலாச்சான் வாசனைக்குக் கலியாணசுந்தரம் மூக்கைச் சுளித்தார்.

"இது யாரு?"

"சமையலுக்கு வந்தவங்க, ஐயா."

சொல்லிவிட்டான். யோசித்துச் சொன்னதல்ல; அவர் எதிரே நின்றதும் பழைய பையனாகிவிட்ட வாய், அடி விழாத பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. 'வந்தவங்க' என்று மரியாதை வைத்துச் சொன்னோமே என்றுகூட அந்த நொடியில் அவனுக்குத் தோன்றியது.

"மலாய்க்காரியா?"

"அந்த மாதிரிதான்."

"தமிழ் தெரியுமா?"

"தெரியாது, ஐயா." இது ஒன்றாவது உண்மை என்று நினைத்துக்கொண்டான்.

கலியாணசுந்தரம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாடு தன் வீட்டில்தான் என்றார். வேனுக்குத் தண்ணீர் ஊற்றி ஓட்டிவரும்படி ஜீப்பில் இருந்த ஆளுக்குச் சொல்லிவிட்டு, கருணாகரனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். அவன் திரும்பிப் பார்த்தபோது சந்திரமதி கொதிக்கிற சோற்றை அப்படியே இறக்கி மூடிக்கொண்டிருந்தாள். தெரியாத ஒரு மனிதன் அவளுக்காக வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

வீட்டில் விஜயா கருணாகரனைக் கண்டு அழுதுவிட்டாள். கூடத்தில் மேசை போட்டு இலை விரித்தார்கள். சந்திரமதியை அடுப்பங்கரைப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே வேலைக்காரியோடு தரையில் உட்காரவைத்து அவளுக்கும் சோறு போட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது. கருணாகரன் உட்கார்ந்த இடத்திலிருந்து அவளுடைய முழங்காலும் தட்டும் மட்டும் தெரிந்தன. விஜயாவின் ரசம் அவனுக்கு உயிர். அன்றைக்கு இரண்டாம் தடவை ஊற்ற வந்தபோது இலைமேல் கையை வைத்து மறைத்தான்.

"இவ தங்கச்சி மகளுக்கு வேற இடத்துல முடிச்சாச்சு. ரெண்டு பிள்ளை" என்றார் கலியாணசுந்தரம். "உனக்கும் நானே பார்க்குறேன்டா. நல்லாத் தமிழ் படிச்ச பொண்ணாப் பார்ப்போம். மலாக்காவுல எல்லாம் நம்மாளுங்க மலாய்தான் பேசுறாங்களாமே, பேரு மட்டும் சிவன் பேரு, விநாயகர் பேரு! நீ அதுல போயி விழுந்துடாத."

கருணாகரன் இலையைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடுப்பங்கரைக்கும் கேட்டிருக்கும்.

சாப்பாடு முடிந்து தேநீர் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வந்தவள் சந்திரமதி. முதலில் கலியாணசுந்தரத்துக்குக் கொடுத்தாள். பிறகு அவன் முன்னால் வந்து, தலையைத் தாழ்த்தி, இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினாள்.

"தே, துவான்" என்றாள்.

வெள்ளைக்காரத் துரைக்கு வேலைக்காரன் சொல்கிற வார்த்தை. வீட்டில் அவள் அவனைக் கூப்பிடுவது, மலாய்ப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி, 'அபாங்' என்று. கோயில் விருந்துகளில் காதில் விழுந்த 'சமையல்' போதும்; சடக்கோரத்தில் அவன் சொன்ன அந்த இரண்டு வார்த்தை தமிழ் அவளுக்குப் புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டு, அவன் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிறாள்.

புறப்படும்போது வாசல்வரை எல்லாரும் வந்தார்கள். விஜயா உள்ளே போய் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் குங்குமமும் வைத்து எடுத்துவந்தாள். நேராகச் சந்திரமதியிடம் போனாள்.

"என்னடி இது? மலாய்க்காரிக்கு எதுக்குக் குங்குமம்?" என்று சிரித்தார் கலியாணசுந்தரம்.

"மலாய்க்காரி இல்லைங்க. அடுப்பங்கரையில தட்டெடுக்கக் குனிஞ்சப்போ பார்த்தேன். கழுத்துல நம்ம தாலிதான் கிடக்கு." விஜயா சந்திரமதியின் நெற்றியில் குங்குமத்தை வைத்தாள். பிறகு திரும்பிக் கருணாகரனைப் பார்த்தாள். "கட்டினவன் எவன்னுதான் தெரியலை. தெரிஞ்சா நாலு வார்த்தை கேக்கணும், இப்படி ஒரு பொண்ணை அடுத்தவன் வீட்டு அடுப்பங்கரைக்கு அனுப்பியிருக்கானேன்னு."

அதுதான் நேரம். அதைவிட நல்ல நேரம் ஒருவனுக்கு யார் கொடுப்பார்கள்? விஜயா அவனையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கருணாகரன் குனிந்து டயரைப் பார்த்தான். காற்று போதுமா என்று காலால் ஓர் உதை உதைத்தான். பிறகு வண்டியில் ஏறிக்கொண்டான்.

சந்திரமதி பின்னால் ஏறிப் பலகையில் உட்கார்ந்தாள். மலை இறங்கினார்கள். தாப்பாவில், வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று அவன் கேட்டான்.

"கடல் பார்க்கணும்னு வந்தோம். பார்த்துட்டுப் போகலாம், துவான்."

"மதி, அப்படிக் கூப்பிடாத."

"வேற எப்படிக் கூப்பிடுறது? நீங்கதானே அந்த வேலையைக் கொடுத்தீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் சமாதானம் சொல்லலாம். அவள் அடுத்த நாளும் சமைத்தாள், தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தாள், அவன் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாகச் சாப்பிட்டாள். ஈப்போ போய் லூமுட் சடக்கைப் பிடித்து, தெலுக் பாத்தேக் கடற்கரைக்கு வந்துசேர்ந்தார்கள். மலாக்காவில் கடல் சேறாகக் கிடக்கும். இங்கே மாவு கொட்டின மாதிரி மணல், கண்ணாடித் தண்ணீர், எதிரே பச்சையாகத் தீவுகள். எத்தனை நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கடல். அவள் முழங்கால் அளவு தண்ணீரில் நெடுநேரம் நின்றாள். கருணாகரன் வேன் படியில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மா சந்திரமதியிடம் பேச்சுக் கொடுத்தாள். இரண்டு பேரும் பழகினவர்கள் போலச் சிரித்துப் பேசினார்கள். "அங்க உட்கார்ந்திருக்காரே, உன் முதலாளியா?" என்று அந்த அம்மா கேட்டது கருணாகரன் காதில் விழுந்தது. அவன் துள்ளி எழுந்து மணலில் ஓடினான்.

"இவ என் பெண்டாட்டி!" என்றான், மூச்சு வாங்க. "நான் இவ புருஷன். என் பெண்டாட்டி இவ."

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, சரி. நான் என்ன தூக்கிட்டா போகப்போறேன்?" என்று சிரித்தாள். சந்திரமதி சிரிக்கவில்லை. அந்த அம்மாவிடம் மீன் வாங்கிக்கொண்டு வேனுக்குத் திரும்பினாள்.

"இங்க சொல்றதுக்கு என்ன? இங்க உங்களைத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?"

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போனாள். கருணாகரனுக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. அந்த அம்மாவின் சிரிப்பைவிட, ஓடிவந்தபோது தன் நெஞ்சுக்குள் இருந்த பெருமை அவனை இன்னும் கூசவைத்தது. ஏதோ சாதித்துவிட்ட மாதிரியல்லவா ஓடிவந்தான்!

திரும்பும் வழியில் தாப்பா வந்தது. நேரே போனால் கோலாலம்பூர், வீடு. கருணாகரன் வண்டியை இடது பக்கம் மலைக்குத் திருப்பினான்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற நேரம். கொட்டகை முன்னால் கூடையும் முதுகுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கலியாணசுந்தரம் தராசுப் பக்கத்தில் நின்று எடை சொல்லிக்கொண்டிருந்தார். ஆள் போகட்டும் என்று காத்திருந்தால் மறுபடி வாய் ஒதுங்கிவிடும் என்று கருணாகரனுக்குத் தெரியும். நேரே நடந்தான்.

"என்னடா, அதுக்குள்ள வந்துட்ட? வண்டி மறுபடியும் கொதிச்சிருச்சா?"

"இல்லைங்க ஐயா. அன்னைக்கு நான் பொய் சொன்னேன். அவங்க சமையலுக்கு வந்தவங்க இல்லை. என் சம்சாரம். பேரு சந்திரமதி. மலாக்காச் செட்டி வீட்டுப் பொண்ணு. எங்களுக்குக் கல்யாணம் ஆகி நாலு வருஷம் ஆச்சு."

தராசில் தொங்கிய கூடையை இறக்க யாரும் கை நீட்டவில்லை. கலியாணசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கே விஜயா சொன்னா. நான் நம்பலை. என் வீட்டுச் சோத்தைத் தின்னு வளர்ந்தவன் அப்படிச் செய்யமாட்டான்னு அவகிட்டச் சண்டை போட்டேன். ரெண்டு நாளா எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்லை." கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மலாக்காக்காரங்களைப் பத்தி நான் பேசினதெல்லாம் அந்தப் பொண்ணு காதுல விழுந்திருக்குமே" என்றார். அவர் முகம் கருத்துப்போயிருந்தது. "என் வீட்டுல தரையில உட்கார வெச்சுட்டோமே அதை."

"தப்பு என்னுதுங்க ஐயா."

"நீங்க போங்க" என்றார் அவர். "அந்தப் பொண்ணை விஜயா வந்து பார்ப்பா."

நீங்க. பதிமூன்று வயசிலிருந்து அந்த மனிதர் வாயில் அவன் 'டா' தவிர வேறு எதுவாகவும் இருந்ததில்லை. திட்டியிருக்கலாம், கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த கூடையின் எடையைச் சொன்னார்.

விஜயா வந்தாள். கருணாகரனைத் தாண்டி நடந்து, வேனுக்குள் ஏறிக்கொண்டாள். ஒருத்தி பாஷை இன்னொருத்திக்குத் தெரியாத இரண்டு பெண்கள் உள்ளே என்ன பேசினார்களோ, ஒரு தடவை அழுகைச் சத்தம் கேட்டது. யாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் சடக்கோரத்தில் நின்றான். எடை போட்டுவிட்டுத் திரும்பிய பெண்கள் வெறுங்கூடையோடு அவனைக் கடந்து போனார்கள். "பார்த்தா நல்ல ஆம்பளையாத்தான் தெரியுறான்" என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னது அவன் காதில் விழட்டும் என்றுதான்.

மலை இறங்கும்போது தனக்குக் கொஞ்சமாவது லேசாகும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். ஆகவில்லை.

"நீங்க சொன்னது நல்லது" என்றாள் சந்திரமதி பின்னாலிருந்து. "ஆனா நான் கேட்கலை. அத்தனை பேரும் என்னை எட்டி எட்டிப் பார்த்தாங்க. அதுவும் எனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு."

வளைவில் அவன் வேகத்தைக் குறைத்தான்.

"அண்ணன்கிட்ட எதுவும் சொல்லாதீங்க."

"இல்லை மதி, நானே சொல்லிடுறேன். எனக்கு மறைக்க மனசில்லை."

"சொன்னா உங்களுக்கு லேசாயிடும். அவனுக்கு?" அவள் சன்னல் திரையை இழுத்துவிட்டாள். "மூணு மாசம் ஆசை ஆசையா இழைச்ச பலகை இது. என்னைச் சமையல்காரியாக் கூட்டிட்டுப் போகவா இழைச்சான்?"

காஜா பேராங்கில் வேன் நுழைந்ததும் ராஜரத்தினம் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தான். முதலில் தங்கையைப் பார்த்தான், பிறகு பலகையைத் தட்டிப் பார்த்தான், கீல் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தான். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். முற்றத்தில் நாற்காலி போட்டுக் கருணாகரனை உட்காரவைத்தார்கள். ராஜரத்தினம் எதிரே கீழே சம்மணம் போட்டுக்கொண்டான்.

"சொல்லு கருணா. மலை எப்படி?"

கருணாகரன் சந்திரமதியைப் பார்த்தான். அவள் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. அவன் சொல்ல ஆரம்பித்தான். மேகம் சடக்கில் இறங்கி வந்ததைச் சொன்னான். தேயிலைச் செடி சீவின மாதிரி இருப்பதைச் சொன்னான். ரேடியேட்டர் கொதித்ததைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்புறம் என்ன பண்ணுனீங்க, நடுக்காட்டுல?"

"தெரிஞ்சவங்க ஒருத்தர் வந்தாரு, மச்சான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி விருந்து வெச்சாங்க."

"பார்த்தியா! எங்க போனாலும் உனக்கு நல்ல மனுஷங்க கிடைப்பாங்க." ராஜரத்தினம் கூட்டத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னான். "என் தங்கச்சியையும் நல்லாக் கவனிச்சாங்களா?"

"குங்குமம் வெச்சு, ரவிக்கைத் துணி கொடுத்து அனுப்புனாங்க" என்றாள் சந்திரமதி, அங்கிருந்தே.

ராஜரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் எழுந்து வந்து கருணாகரனின் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்க அம்மா இந்தத் தெருவைத் தாண்டாம செத்துப்போனா, கருணா. இவ நாலு ஊர் பார்த்து, நாலு பேர் வீட்டுல மரியாதையா உட்கார்ந்து சாப்பிட்டான்னா அது உன்னாலதான். வேனா பெருசு? கூட்டிட்டுப் போற ஆள்தான் பெருசு."

கருணாகரன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். மச்சானின் பிடி, உளி பிடித்துக் காய்த்துப்போன பிடி, விடுவதாக இல்லை.

"அடுத்த வருஷம் எல்லாருமாப் போவோம். அந்த விருந்து வெச்சவங்களை நானும் பார்க்கணும். சரிதானே?"

"சரி, மச்சான்" என்றான் கருணாகரன்.